அடித்த பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்

பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளிடம் "என்ன ஆகப்போறே?" என்று கேட்பதை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. கேட்டால் வீட்டில் மனப்பாடம் செய்துவைத்த ஒரு வார்த்தை வரும். இல்லாவிட்டால் "தெரியல டீச்சர்". அதற்கு மேல் பேச்சு நகராது.

இப்போதெல்லாம் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்துவிடுகிறேன். பென்சில், ரப்பர் கிடையாது. எப்போதாவது ஆசைப்பட்ட வேலைகளை எல்லாம் எழுதவேண்டும். ஐந்து வயதில் ஆசைப்பட்டதும் சேர்த்தி. பிறகு, இனி வேண்டாம் என்று தோன்றுவதை ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். ஆனால் பெயர் படிக்கும்படி இருக்கவேண்டும். பக்கத்திலேயே, அதை அடிக்கவைத்தது யார் என்று எழுதவேண்டும்.

அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பையன் 'நர்ஸ்' என்பதை அடித்துவிட்டுப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தான். மை ஊறி, புள்ளி மிளகளவு ஆகிவிட்டது. கடைசியில் எழுதினான்: 'மாமா சிரிச்சார்.'

லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே கழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவர் கணிப்பு. 6 முதல் 8 வயதுக்குள் 'இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை' என்று சில போய்விடும். 9 முதல் 13க்குள் 'இது நமக்குக் கௌரவக் குறைச்சல், அது நமக்கு எட்டாது' என்று இன்னும் சில. தனக்கு எது பிடிக்கும் என்கிற யோசனையே 14 வாக்கில்தான் வருகிறது. நம்மிடம் வந்து உட்காரும்போது மிச்சம் மீதிதான் கையில் இருக்கும். அதனால் தானாக யோசித்து அடித்ததை விட்டுவிடுங்கள். அடுத்தவர் சொல்லுக்காக அடித்ததை மட்டும் எடுத்துவைத்துப் பேசுங்கள்.

எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்று கேள்விகள் கேட்டுச் சொல்லும் விருப்பச் சோதனைகள் உதவும். ஆட்களையும் வேலைகளையும் கலை, சமூகம் என்பதுபோல ஆறு வகையாகப் பிரித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்டின் முறையை வைத்துச் செய்தவை நிறைய உண்டு. நான் ஆரம்பத்தில் அந்த முடிவை ஜோசியம் மாதிரி வாசித்தவள். 'கலை' என்று வந்த ஒரு பெண்ணிடம் "அப்ப கணக்கு உனக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்: பக்கம் முழுக்க அறுகோணங்களை அடுக்கி அடுக்கிக் கோலம்போல வரைந்திருந்தாள். கணக்குப் போட்டு வரைந்தவை. அன்றிலிருந்து முடிவைப் படித்தவுடன் "இதில் எது தப்பு?" என்றுதான் கேட்கிறேன்.

படிப்பின் பெயரைப் பார்த்து மயங்கவிடாதீர்கள். முதல் வருடப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். மனிதர்களோடு பேசப்போகிறோம் என்று உளவியல் சேர்பவர்கள் புள்ளியியலைப் பார்த்து மிரள்கிறார்கள். கணினி அறிவியலில் நிரல் எழுதுவதைவிடக் கணிதத்தைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. தொழிற்பயிற்சியையும் அதே தாளில் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். கீழே சின்னதாக எழுதினால் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

எந்தக் கதவு பிறகும் திறக்கும், எது சாத்தினால் சாத்தினதுதான் என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். கணிதத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்துத் திரும்புவது சிரமம். மொழியோ வரலாறோ பின்னால் படித்துக்கொள்ளலாம்.

பெற்றோர் வந்தால் பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். "நீங்களே சொல்லுங்க டீச்சர், எதுல சேர்க்கலாம்?" என்பார்கள். நான் பேனாவைப் பிள்ளை பக்கம் தள்ளிவிடுவேன். பணப் பேச்சையும் மறைக்கவேண்டாம்: மொத்தச் செலவு எவ்வளவு, கடன் வாங்கினால் மாதத் தவணை எவ்வளவு, அந்த வேலையில் முதல் சம்பளம் எவ்வளவு இருக்கும்? மூன்றையும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.

கடைசியாக, தாளில் மிஞ்சிய ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்கிற ஒருவரைத் தேடிப் போகச் சொல்லுங்கள். விழா நாள் வேண்டாம், சாதாரண செவ்வாய்க்கிழமை போதும். அடுத்த முறை வரும்போது "முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்காதீர்கள். "யாரைப் பார்த்தே? மத்தியானம் மூணு மணிக்கு அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"