கார்டில் எஃப்.என்.யூ., விண்ணப்பத்தில் அப்பா பெயர்

அமெரிக்காவில் வேலை போனதும் குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு விண்ணப்பித்தேன். கிரீன் கார்டு வாங்கி 6 வருடம் ஆகிவிட்டது, அதனால் கார்டு வாங்கியபின் 5 வருடம் காத்திருக்கவேண்டும் என்ற விதி தடையில்லை, ஆனாலும் குடியேற்ற நிலையை உறுதிசெய்ய முடியவில்லை என்று கடிதம் வந்தது. பயந்துபோனேன்.

கார்டை எடுத்துப் பார்த்ததும் புரிந்தது. நம்மில் பலரைப் போல என் பாஸ்போர்ட்டிலும் குடும்பப்பெயர் இல்லை, அதனால் கார்டில் என் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (FNU, ‘முதல் பெயர் தெரியவில்லை’) என்று இருந்தது, விண்ணப்பத்திலோ அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டிருந்தேன். சரி என்று, கார்டில் உள்ளபடியே பெயரைத் திருத்தி, இருபக்க நகலும் கார்டில் உள்ள 9 இலக்க ஏ-எண்ணும் (குடியேறியவருக்கான அடையாள எண்) கொடுத்து, குடியேற்ற நிலையைச் சரிபார்க்கும் அரசின் சேவ் (SAVE) முறையில் மறுபடி சரிபார்க்கக் கேட்டேன். அப்புறம் சேவ் கேஸ்செக் (CaseCheck) இணையப் பக்கத்தில் அந்த ஏ-எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு நானே நிலவரம் பார்த்துக்கொண்டேன்.

மற்ற தகுதிகள் சரியாக இருந்தால் குடியேற்ற நிலையை நிரூபிக்க 90 நாள் அவகாசம் உண்டு, அதுவரை காப்பீடு தரவேண்டும், இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். என் சர்க்கரை மாத்திரை நிற்காமல் கிடைத்தது அதனால்தான்.