மந்திரவாதியோடு மோதும்போது பார்ட்டிகள் சறுக்கும் இடங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எனும் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டில், எதிரில் ஒரு காஸ்டர் (ஸ்பெல் எனும் மந்திரம் போடுபவன்) வந்து நின்றதுமே பார்ட்டியில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், பலர் போடும் முதல் கணக்கு, "இவனுக்கு எத்தனை ஹிட் பாயிண்ட் இருக்கும்?" (எவ்வளவு சேதம் தாங்குவான்) என்பதுதான். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. காஸ்டரின் உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சுற்றில் அவனுக்கு ஓர் ஆக்‌ஷன் (முக்கியச் செயல்), ஒரு போனஸ் ஆக்‌ஷன் (கூடுதல் சிறு செயல்), ஒரு ரியாக்‌ஷன் (பிறர் செயலுக்கு உடனடிப் பதில்), அதோடு பிடித்துவைத்திருக்கும் ஒரே ஒரு கான்சன்ட்ரேஷன் (மனதைக் குவித்து நீடிக்க வைக்கும் ஸ்பெல்). அடிக்க வேண்டியது இந்த நான்கையும்.

உதாரணத்துக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் வரும் சாதாரண 'மேஜ்' (மந்திரவாதி) எதிரியை எடுத்துக்கொள்வோம். ஹிட் பாயிண்ட் 40, மேஜ் ஆர்மர் என்ற காப்பு ஸ்பெல்லோடு ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிராளி பகடையில் எட்ட வேண்டிய எண்) 15, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 11. கைவசம் உள்ள ஸ்பெல்கள்: ஃபயர்பால் (நெருப்பு வெடி), கவுண்டர்ஸ்பெல் (பிறர் ஸ்பெல்லை ரத்து செய்வது), ஷீல்டு (நொடிக் காப்பு), மிஸ்டி ஸ்டெப் (சட்டென்று வேறிடம் தாவுவது), ஃப்ளை (பறப்பது), கிரேட்டர் இன்விசிபிலிட்டி (கண்ணுக்கு மறைவது). 2024 விதிகள் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடலாம்.

ஒரே பெரிய அடியை நம்புவது

கான்சன்ட்ரேஷனில் இருப்பவன் அடி வாங்கினால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் போட வேண்டும், அதாவது தப்பிக்க இருபது முகப் பகடை உருட்ட வேண்டும்; தோற்றால் ஸ்பெல் உடையும். இலக்கு 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. ஒவ்வோர் அடிக்கும் தனித்தனிச் சேவ். டிஎம்களே (ஆட்டத்தை நடத்துபவர்களே) மறந்துபோகும் இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது.

நம் மேஜுக்குச் சேவில் கூட்டிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ரோக் (மறைந்து தாக்குபவர்) ஒரே அடியில் 20 சேதம் செய்தால் இலக்கு 10தான். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஸ்பெல் தப்பித்துவிடும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. அதே 20 சேதம் ஐந்தைந்தாக நான்கு அடிகளில் விழுந்தால் நான்கு முறை உருட்ட வேண்டும். நான்கிலும் தப்பிக்கும் வாய்ப்பு வெறும் 9 சதவீதம். சேதம் ஒன்றுதான், பலன் எங்கேயோ போய்விட்டது. ஆகவே ஸ்பெல்லை உடைக்கிற வேலை மாங்க் (கைச்சண்டைத் துறவி), இரட்டைக் கத்திக்காரர், வேகமாக அம்பு விடுபவர் ஆகியோருடையது. பெரிய அடிக்காரர் காவலாட்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மேஜ் ஃப்ளை போட்டு 60 அடி உயரத்தில் நிற்கிறான் என்றால் இந்தக் கணக்கு இன்னும் இனிக்கும். கான்சன்ட்ரேஷன் உடைந்ததும் கீழே விழுவான். 10 அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் ஆறு பகடை, சராசரி 21 சேதம். அவன் உயிரில் பாதிக்கு மேல் தரையே எடுத்துக்கொள்ளும்.

நண்பர் ஹோல்டு பெர்சனில் சிக்கி உறைந்து நிற்கும்போதும் இதே வழிதான். எல்லோரும் அவரைச் சுற்றி ஓடுவதைவிட, போட்டவனை நாலு அடி அடித்தால் அவர் விடுபடுவார்.

"வாயைத் திறந்தால் அம்பு விடுவேன்"

ரெடி ஆக்‌ஷனை (இன்னது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்பே சொல்லிவைப்பதை) இப்படி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் ஏராளம். ஐந்தாம் பதிப்பில், ரெடி வைத்த செயல் தூண்டுதல் நடந்து முடிந்த பிறகே வரும். ஸ்பெல் விழுந்துவிடும், அதற்குப் பின்தான் அம்பு. ஃபயர்பாலை இப்படித் தடுக்க முடியாது. கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் என்றால் மட்டும் உடனே ஒரு சேவ் போட வைக்கலாம். உங்கள் முறையிலேயே அடித்துவிட்டுப் போவது பெரும்பாலும் லாபம்.

பக்கத்தில் போய் நின்றால் போதும் என்ற நம்பிக்கை

இது மூன்றாம் பதிப்புக் காலத்துப் பழக்கம். அன்று எதிரியின் பக்கத்தில் நின்று ஸ்பெல் போட்டால் அடி வாங்க நேரும். ஐந்தாம் பதிப்பில் ஸ்பெல் போடுவதற்காக ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (எதிரி இடம் கொடுக்கும்போது கிடைக்கும் இடையடி) கிடையாது. 2014 விதிகளில் அதற்கு மேஜ் ஸ்லேயர் போன்ற ஃபீட் (சிறப்புத் திறன்) வேண்டும். தாக்குதல் பகடை உருட்டும் தூர ஸ்பெல்லுக்கு மட்டும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) வரும். சேவ் கேட்கும் ஸ்பெல்களுக்கு அதுவும் இல்லை.

கிராப்பிள் செய்து பிடித்தாலும் கை கட்டப்படுவதில்லை. அவன் வேகம் பூஜ்ஜியமாகும், அவ்வளவுதான். பிடியிலிருந்தே மிஸ்டி ஸ்டெப் போட்டு 30 அடி தள்ளிப் போய் நிற்பான். ஆனால் அப்படிப் போனால் அந்த முறையில் ஃபயர்பால் போட முடியாது: 2014 விதிப்படி போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல்லோடு கேன்ட்ரிப் (ஸ்லாட் எனும் குறிப்பிட்ட எண்ணிக்கையே உள்ள மந்திர சக்தியைச் செலவழிக்காத சிறு ஸ்பெல்) மட்டுமே கூடும், 2024 விதிப்படி ஒரு முறையில் ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம். மிஸ்டி ஸ்டெப் போட வைத்ததே பாதி வெற்றி.

சைலன்ஸைத் தனியாகப் போடுவது

சைலன்ஸ் ஸ்பெல் 20 அடி ஆர நிசப்தக் கோளம். உள்ளே வாயால் சொல்ல வேண்டிய ஸ்பெல் எதுவும் எடுபடாது, சேவும் கிடையாது. படிக்கும்போது பிரமாதமாக இருக்கும். நடப்பதோ, மேஜ் நான்கு எட்டு வைத்து வெளியே வந்து ஃபயர்பால் போடுவான்.

கிராப்பிளும் சைலன்ஸும் சேர்ந்தால்தான் பூட்டு விழும். மிஸ்டி ஸ்டெப்புக்கு வாய் மட்டுமே வேண்டும், அது உள்ளே அடைபட்டுவிடும். நடக்கவும் முடியாது. திமிறி விடுபட ஓர் ஆக்‌ஷன் செலவழிக்க வேண்டும். ஸ்ட்ரெங்த் 18 உள்ள ஐந்தாம் நிலை ஃபைட்டர் (போர்வீரர்) அத்லெடிக்ஸ் தெரிந்தவராக இருந்தால் அவருக்குப் பகடையோடு +7 கூடும். மேஜுக்கு டெக்ஸ்டெரிட்டியில் இருந்து +2. அவன் திணறுவான்.

இரண்டு நுணுக்கங்கள். முதலாவது, கிராப்பிளும் சைலன்ஸும் அவன் அடுத்த முறை வருவதற்குள் விழுந்துவிட வேண்டும். ஒன்று தள்ளிப்போனால் இடைவெளியில் நழுவிவிடுவான். இரண்டாவது, பலருக்குத் தெரியாதது: கவுண்டர்ஸ்பெல்லுக்கு வாய் வேண்டாம், கையசைவு போதும். சைலன்ஸுக்குள் சிக்கிய மேஜ்கூட உங்கள் விசார்டின் (குழுவின் மந்திரவாதியின்) ஸ்பெல்லைக் கவுண்டர் செய்வான். சைலன்ஸ் போடும் கிளெரிக் (குழுவின் பூசாரி) 60 அடிக்கு வெளியே நிற்கட்டும். கவுண்டர்ஸ்பெல்லின் தூரம் 60 அடி, சைலன்ஸுக்கோ 120.

ரியாக்‌ஷனை இழுக்காமலே பெரிய ஸ்பெல்லை விடுவது

ஷீல்டு, கவுண்டர்ஸ்பெல் இரண்டுமே ரியாக்‌ஷன். ஒரு சுற்றில் ஒன்றுதான். விசார்ட் தன் ஒரே மூன்றாம் நிலை ஸ்லாட்டைச் சண்டையின் முதல் நொடியிலேயே விட்டால் அது கவுண்டரில் போகும். 2014 விதிகளில் ஸ்லாட்டும் சேர்ந்து போகும், 2024இல் ஸ்லாட்டாவது மிஞ்சும். முதலில் அம்பு விடுங்கள். மொத்தம் 15 முதல் 19 வரை விழுந்தால் ஷீல்டு போட்டுத் தப்பிக்க அவனுக்கு ஆசை வரும், ஆர்மர் கிளாஸ் 20 ஆகும். அந்த அம்பு வீண்தான், ஆனால் ரியாக்‌ஷன் போய்விட்டது. இப்போது விசார்ட் விடலாம். முறை வரிசை ஒத்துவரவில்லையா? மேஜின் பார்வையில் படாமல் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாதவரைக் கவுண்டர் செய்ய முடியாது.

லிச் (செத்தும் வாழும் மந்திரவாதி) போன்ற பெரிய ஆட்களுக்கு 2014 விதிகளில் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (சேவில் தோற்றாலும் ஜெயித்ததாக மாற்றுவது) ஒரு நாளைக்கு மூன்று. முதல் ஸ்பெல்லாகவே பானிஷ்மென்ட் (வேறு உலகுக்கு விரட்டுவது) விடுவது வீண்செலவு. சேவில் தோற்றால் அவனுக்கு வலிக்கக்கூடிய, ஆனால் நமக்கு மலிவான ஸ்பெல்களைக் கொடுத்து அந்த மூன்றையும் கரைத்துவிட்டுப் பெரியதற்குப் போகலாம்.

கூட்டமாக நிற்பது

ஃபயர்பால் 20 அடி ஆரம், அதாவது குறுக்கே 40 அடி. கட்டம் போட்ட பலகையில் எட்டுக் கட்டம். சராசரிச் சேதம் 28. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள ஐந்தாம் நிலை விசார்டுக்குச் சராசரியில் 32 ஹிட் பாயிண்ட்தான் இருக்கும். எல்லோரும் 40 அடி விலகி நிற்பது நடைமுறையில் முடியாது, தேவையும் இல்லை. கிளெரிக்கும் விசார்டும் மட்டும் ஒரே வட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். சுவர் மூலையில் ஒளிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2014 விதிகளில் அந்த நெருப்பு மூலை திரும்பி வரும்.

பிடித்தபின் கையை மட்டும் கட்டுவது

மேஜை உயிரோடு பிடிக்க வேண்டுமானால் கடைசி அடி கைகலப்பு அடியாக இருக்கட்டும், பூஜ்ஜியத்துக்கு வரும்போது மயக்கம்தான் என்று சொல்லிவிடலாம். பிறகு கயிற்றைச் சுற்றிவிட்டுக் கொள்ளையைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தால், அவன் விழித்ததும் ஒரு சொல்லில் 30 அடி தள்ளி நிற்பான். பையையும் கோலையும் பிடுங்கினாலும் பயனில்லை, மிஸ்டி ஸ்டெப்புக்கு இரண்டுமே வேண்டாம். வாயை அடையுங்கள். கண்ணையும் கட்டுங்கள்: போய் நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் அவனால் தாவ முடியாது.