உதவியாளராகத் திரும்பிப் போவது

ஓர் உளசிகிச்சை முறையின் முதல் நிலைப் பயிற்சியை முடித்து, அதைச் சில காலம் கையாண்டும் பார்த்தவர், அடுத்த நிலைக்குப் பணம் கட்டும் முன், அதே முதல் நிலை வகுப்புக்கு உதவியாளராகத் திரும்பிப் போவது நல்லது என்பது என் கருத்து. அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980-களில் வடிவமைக்கத் தொடங்கிய ‘இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’ முறையின் பயிற்சிகளில் இதற்கென்றே இடம் உண்டு. மனம் பல பகுதிகளால் ஆனது. அவற்றுள் சில வாழ்வைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மேலாளர்கள், சில வலி தலைதூக்கியதும் பாய்ந்து வரும் தீயணைப்பாளர்கள், சில பழைய காயங்களோடு ஒதுக்கி வைக்கப்பட்டவை. இவை எதனாலும் சேதமுறாத ‘சுயம்’ ஒவ்வொருவரிடமும் இருக்கிறது என்பது அம்முறையின் அடிப்படை.

விண்ணப்பிக்கும்போது, முடிந்தால் நீங்கள் படித்த பயிற்றுநரை விட்டு வேறொருவரின் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளே இரகசியம் காக்கும் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பில் சந்தித்தவரைப் பின்னர் உங்களிடம் சிகிச்சைக்கு வரச்சொல்லும் எண்ணம் சிறிதும் வேண்டாம்.

உண்மையான வேலை சிறு குழுவில்தான் நடக்கிறது. பயிலுநர்கள் மூவர் மூவராகப் பிரிந்து, சிகிச்சையாளர், சிகிச்சை பெறுபவர், பார்வையாளர் என்று மாறி மாறி அமர்வார்கள். பேசப்படுவது நடிப்புக்காகப் புனைந்த சிக்கல் அன்று, அவரவர் வாழ்க்கையிலிருந்தே வருவது. வேலையைத் தள்ளிப்போடும் தன் பகுதியை நெஞ்சில் ஒரு கனமாக உணர்வதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அந்தப் பகுதியின்மீது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று பயிலுநர் சரியாகவே கேட்கிறார். “எரிச்சல்தான். சுத்தச் சோம்பேறி” என்று பதில் வருகிறது. பயிலுநர் மடியிலிருக்கும் தாளை ஒரு கணம் பார்த்துவிட்டு, “சரி, அது எதற்குப் பயப்படுகிறது என்று கேளுங்கள்” என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார். பதில் சொன்னது சுயம் அன்று, எரிச்சல்பட்ட மற்றொரு பகுதி. அதைச் சற்று விலகி நிற்கும்படி கேட்டுக்கொள்ளாத வரையில், வைதவரிடம் யார்தான் மனம் திறப்பார்கள்?

இந்த இடத்தில் உதவியாளர் என்ன செய்ய வேண்டும்? முதன்முறை நான் குறுக்கிட்டு, சரியான வாக்கியத்தை நானே சொல்லிவிட்டேன். அமர்வு அழகாக முடிந்தது. ஆனால் அந்தப் பயிலுநர் அன்று மாலை வரை ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்தபிறகே வாய் திறந்தார். இப்போது மூன்று மூச்சு பொறுக்கிறேன். பேசத் துடிப்பது என்னுடைய மேலாளர்ப் பகுதி என்பது அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. பிறகும் தேவை என்று பட்டால், சிகிச்சை பெறுபவரைத் தொந்தரவு செய்யாமல், பயிலுநரிடம் மட்டும், “எரிச்சல் என்றாரே, அது யாருடைய குரல்?” என்று தாழ்ந்த குரலில் கேட்கிறேன். திருத்துவதைவிட இப்படிக் கேட்பது கடினம். உங்கள் திறமை யார் கண்ணிலும் படாது.

பொறுமைக்கு ஒரு விலக்கு உண்டு. சிகிச்சை பெறுபவரின் பார்வை வெறித்து நின்றாலோ, மூச்சு சிக்கினாலோ, பேச்சு திடீரென அறுந்தாலோ காத்திருக்கக் கூடாது. அமர்வை நிறுத்தி, கண்ணைத் திறந்து அறையைப் பார்க்கவும் பாதங்களைத் தரையில் ஊன்றவும் சொல்லிவிட்டு, பயிற்றுநரை அழையுங்கள்.

அன்றிரவு குறிப்பெழுதும்போது பயிலுநர்களின் கதைகளை எழுதாதீர்கள். அவை உங்களுடையவை அல்ல. எந்தத் தவறு உங்களை அதிகம் சீண்டியது என்பதை மட்டும் எழுதுங்கள். என் குறிப்பேட்டில், பதிலைக் காதில் வாங்காமல் அடுத்த கேள்விக்கு ஓடுபவர்களைப் பற்றிய புகாரே பக்கம் பக்கமாக இருந்தது. ஊர் திரும்பியதும், ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்த என் சொந்த அமர்வு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். “அதன்மீது என்ன தோன்றுகிறது?” என்று நான்கு முறை கேட்டிருக்கிறேன், அவற்றில் இரண்டு முறை, சிகிச்சை பெற்றவர் பதிலை முடிக்கும் முன்பே நான் பேசத் தொடங்கியிருந்தேன்.