பங்கு பிரிப்பதில் இழுபறியா? சீட்டுப் போடுங்கள்

பங்கு பிரிப்பதில் தகராறு என்றால், முதலில் எல்லோரும் சேர்ந்து பங்குகளைச் சமமாகப் பிரித்து எழுதிவிடுங்கள். அப்புறம் யாருக்கு எது என்று சீட்டுப் போடுங்கள். பைபிளில் நீதிமொழிகள் 18:18 காட்டும் வழி இது. எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாதபோது, ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. சத்தமாகப் பேசுகிறவருக்குச் சலுகையும் இல்லை. ஆனால் வரிசை மாறக்கூடாது. அதே பைபிளில் யோசுவா புத்தகம் 18-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் கோத்திரத்துக்கு மூன்று பேராகப் போய் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, ஏழு பங்காக எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் சீலோ என்ற ஊரில் சீட்டுப் போடுகிறார்கள்.

கடன், ஏமாற்று, அடிதடி விவகாரங்களுக்கு இது சரிப்படாது. தப்பு யார்மேல் என்று தெரிய வேண்டிய இடத்தில் சீட்டு என்ன செய்யும்? நீதிமொழிகளில் அதற்கு முந்தைய வசனத்தை, 18:17-ஐப் பாருங்கள்: முதலில் பேசுகிறவர் நியாயஸ்தராகத்தான் தெரிவார், எதிராளி வந்து கேள்வி கேட்கும்வரை.