குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்த கடிதம்

ஏசி சர்வீஸ் தொழிலுக்காக நான் முதலில் தபாலில் அனுப்பிய விளம்பரத்தில் கடைப் பெயர் பாதித் தாளை அடைத்திருந்தது. கீழே பதினான்கு சேவைகள், நான்கு போன் நம்பர்கள். 500 பேருக்கு அனுப்பினேன். வந்த அழைப்புகள் இரண்டு. அதில் ஒன்று, "இனிமேல் அனுப்பாதீங்க" என்று சொல்ல.

ஒரு நாள் அதே தாளைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்துப் பார்த்தேன். தபாலை நாமெல்லாம் அங்கேதானே பிரிக்கிறோம்! கண் எங்குமே நிற்கவில்லை. எல்லாம் என்னைப் பற்றி. படிப்பவருடைய வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி என்று பெயரைக் கீழே இறக்கினேன். மேலே ஒரே கேள்வி: "உங்கள் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா?" பக்கத்தில் சொட்டும் ஏசியின் படம். அதற்கடியில், வடிகுழாய் அடைத்திருக்கலாம், இந்தத் தேதிக்குள் அழைத்தால் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று இரண்டு வரி. ஒரே நம்பர், பெரிய எழுத்தில். பதினான்கு சேவைகளையும் வெட்டும்போது மனசு வலித்தது, உண்மைதான்.

முகவரிப் பட்டியலிலும் கை வைத்தேன். வீடு மாறியவர்களையும் வேண்டாம் என்றவரையும் நீக்கிவிட்டு, பழைய வாடிக்கையாளர்களுக்கு முதலில் அனுப்பினேன். அப்புறம் பாதிப் பேருக்கு ஒரு தலைப்பு, மீதிப் பேருக்கு வேறு தலைப்பு, மற்றதெல்லாம் அப்படியே. இரண்டு வகைத் தாளிலும் வெவ்வேறு குறியீட்டை அச்சிட்டு, அழைப்பவர் சொல்லும் குறியீட்டை வைத்து எது வேலை செய்கிறது என்று எண்ணினேன். தண்ணீர் சொட்டும் தலைப்புதான் ஜெயித்தது. நான் ரசித்து எழுதிய மற்றொன்றுக்கு ஒரே ஒருவர்தான் அழைத்தார்.