அன்றாடத் திருப்பலி வாசகத்தை வைத்துச் சிந்திப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"தினமும் பைபிள் வாசிக்கிறேன், ஆனா வாசித்ததோடு சரி, அதுபாட்டுக்கு அது, நாள்பாட்டுக்கு நாள்." எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த மக்களிடையே, இதைப் பலர் சொல்லக் கேட்கிறேன். நானும் அங்கிருந்து கிளம்பி வந்தவன்தான். இப்போது நான் தினமும் காலையில் செய்வதை அப்படியே எழுதுகிறேன். இருபது நிமிடம் போதும்.

முதலில், எந்தப் பகுதியை வாசிப்பது? கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. திருச்சபை அன்றைய திருப்பலிக்கு, அதாவது கோவிலில் நடக்கும் பூசைக்கு, கொடுத்திருக்கும் வாசகத்தையே எடுங்கள். புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா பேராலயத்திலும் கடலூரின் சிறிய கிளைப் பங்கிலும் ரோமையிலும் அன்று வாசிக்கப்படுவது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கிறோம் என்பதே எனக்குப் பெரிய பலம். பங்கில் கிடைக்கும் நாள்காட்டியில் தேதிக்குக் கீழே வாசகங்கள் அச்சாகியிருக்கும்.

அந்தச் சுருக்கெழுத்துகளில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 'திப' என்றால் திருத்தூதர் பணிகள், 'திபா' என்றால் திருப்பாடல்கள். ஒரு கால் எழுத்து விட்டுப்போனால் வேறு நூலுக்கே போய்விடுவீர்கள். 'சீஞா' என்று இருந்தால் சீராக்கின் ஞானம். 66 நூல்கள் மட்டுமே உள்ள பதிப்பில் அது இருக்காது. நம்முடையது 73. அதனால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை, கத்தோலிக்கப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் 'முதல் ஆண்டு', 'இரண்டாம் ஆண்டு' குழப்பம். பொதுக்காலத்தில், அதாவது திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவம், பாஸ்கா ஆகிய காலங்கள் அல்லாத நாள்களில், வாரநாள்களின் முதல் வாசகத்துக்கு இரண்டு ஆண்டுச் சுற்று: ஒற்றைப்படை ஆண்டு என்றால் முதல் ஆண்டு, இரட்டைப்படை என்றால் இரண்டாம் ஆண்டு. வாரநாள் நற்செய்தி ஒவ்வோர் ஆண்டும் அதேதான். ஞாயிறுக்கு மட்டும் மூன்று ஆண்டுச் சுற்று தனி. இரண்டையும் கலக்காதீர்கள். நேரம் குறைவு என்றால் நற்செய்தி மட்டும் போதும், நான் பெரும்பாலும் அப்படித்தான்.

செல்பேசியில் வாசிக்கலாமா என்று கேட்பார்கள். என் கருத்து: வேண்டாம். அச்சுப் புத்தகம், ஒரு பென்சில், நாற்பது பக்க நோட்டு. வாட்ஸ்அப்பில் அருள்தந்தையர் அனுப்பும் சிந்தனைகள் நல்லவைதான். ஆனால் அவற்றை மாலையில் படியுங்கள். காலையிலேயே படித்தால் அவர்கள் சிந்தித்ததுதான் மனதில் நிற்கும்.

சரி, உட்கார்ந்தாயிற்று. தூய ஆவியாரை அழைத்து ஒரு சிறு செபம். பிறகு வாய்விட்டு மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். எந்தச் சொல்லில் மனம் நிற்கிறதோ அதைப் பென்சிலால் கோடிடுங்கள், ஒரே ஒரு வரி போதும். பொதுக்காலம் 3ஆம் வாரச் சனிக்கிழமை வரும் மாற்கு 4:35-41ஐ எடுத்துக்கொள்வோம். புயலில் படகு நீரால் நிரம்புகிறது, இயேசு பின்பகுதியில் தலையணை வைத்துத் தூங்குகிறார். மத்தேயுவும் லூக்காவும் தூக்கத்தைச் சொல்கிறார்கள், தலையணையைச் சொல்பவர் மாற்கு மட்டுமே. பகலெல்லாம் மக்களுக்குப் போதித்துவிட்டு, வந்த களைப்போடு அப்படியே சாய்ந்தவர் அவர். சீடர்கள் எழுப்பிக் கேட்கிறார்கள், உமக்குக் கவலையில்லையா என்று. நான் கோடிட்டது அந்தக் கேள்வியை.

இனிதான் பலரும் நின்றுபோகும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலை நோக்கு (இறைவன் முன் பேசாமல் இருப்பது) என இறைவாசிப்புக்கு நான்கு படிகள் வைத்தார். தியானத்திலிருந்து செபத்துக்கு ஏறும்போதுதான் கால் இடறும். மனம் கோவிலில் பேசுவதுபோல் மறையுரை (பிரசங்கம்) தயாரிக்கத் தொடங்கிவிடும், 'இது அண்ணன் கேட்க வேண்டிய வசனம்' என்று ஓடும். அதற்கு நான் கண்ட வழி, நோட்டில் இயேசுவைப் பற்றி எழுதாமல் இயேசுவிடமே எழுதுவது. "ஆண்டவரே, அம்மா மூட்டுவலி என்று சொல்லும்போதெல்லாம் சரி சரி என்கிறேன். உம்மிடம் சீடர்கள் கேட்டதை அவர் என்னிடம் கேட்காமல் கேட்கிறார்." இப்படி நான்கு வரி போதும். எழுதி முடித்ததும் பென்சிலை வைத்துவிட்டு, பேசாமல் அவர் முன்னால் இருங்கள்.

அதோடு எழுந்துவிடாதீர்கள். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் வெளியிட்ட 'ஆண்டவரின் வார்த்தை' ஊக்கவுரையில், இந்த இறைவாசிப்பு செயலில் போய்ச் சேரும்வரை நிறைவடைவதில்லை என்கிறார். அதனால் அன்று செய்யப்போகும் ஒரு தீர்மானத்தையும் நோட்டில் எழுதுங்கள். 'அன்பாக இருப்பேன்' என்று எழுதினால் பத்து மணிக்குள் மறந்துவிடும். யார், என்ன, எப்போது என்று மூன்றும் இருக்க வேண்டும். அன்று நான் எழுதியது: 'மதியத்துக்குள் வேலையிடத்தில் விடுப்பு சொல்லி, புதன்கிழமை அம்மாவை ஜிப்மர் ஓ.பி.க்குக் கூட்டிப்போவது.' போனோம். வரிசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அம்மா எவ்வளவோ பேசினார். இரவு படுக்கும் முன் நோட்டைத் திறந்து, செய்ததற்கு நன்றி சொல்லுங்கள். செய்யாததை மறுநாளுக்கு எழுதுங்கள்.

இப்படிப் பழகிய வரிகள் நாம் எதிர்பாராத நேரத்தில் வாயில் வரும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மின்சாரம் இல்லாத வீட்டில் எங்கள் குடும்பச் செபமே சீடர்களின் அந்தக் கேள்விதான்.

பின்சேர்க்கை: கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் ஒரு தம்பி, "நைட் முடிச்சு வந்தா காலையில் கண் சொருகுதுண்ணா" என்று எழுதியிருந்தார். காலைதான் என்று கட்டாயமில்லை தம்பி. வேலைக்குக் கிளம்பும் முன் மாலையில் மறுநாள் நற்செய்தியை வாசித்து ஒரு வரியைக் கோடிட்டு வையுங்கள், அதை ஷிஃப்ட்டில் அசைபோடலாம், தீர்மானத்தைத் தூங்கி எழுந்தபின் எழுதலாம்.

இன்னொருவர் கேட்டது: வீட்டில் வாரநாள் வாசகத்தைப் பார்த்துவிட்டுக் கோவிலுக்குப் போனால் வேறு வாசிக்கிறார்களே? விழா நாள்களில் அதற்கென்று தனி வாசகம் உண்டு. ஜூலை 3 புனித தோமா பெருவிழா, அன்று யோவான் 20:24-29. பங்கின் பாதுகாவலர் திருவிழாவிலும் மாறும். முந்தின நாளே நாள்காட்டியில் அந்தத் தேதியில் புனிதர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பங்கு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.