குனு ஆக்டேவ் மென்பொருளைப் பெற்று நிறுவுதல்

அணிகள் (matrices), சமன்பாடுகள், வரைபடங்கள் ஆகியவற்றைக் கையாளும் ஆக்டேவ், ஜான் ஈட்டன் 1992-இல் முழுநேரமாக எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். மேட்லாப் என்ற கட்டணக் கணித மென்பொருளின் மொழியோடு பெரிதும் ஒத்துப்போவதால், உரிமக் கட்டணம் செலுத்த இயலாத மாணவர்களுக்கு இதையே மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

விண்டோஸ் கணினியில், ஆக்டேவின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே நிறுவியைத் தரவிறக்குங்கள். லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவிலோ மென்பொருள் மையத்தில் ‘ஆக்டேவ்’ என்று தேடி நிறுவினாலே போதும். ஆனால் அங்கு கிடைப்பது சற்றுப் பழைய பதிப்பாக இருக்கக்கூடும். விண்டோஸில் முதன்முறை திறக்கும்போது சாளரம் தோன்றச் சிறிது நேரம் பிடிக்கலாம். பழுதென்று எண்ணி மூடிவிடாதீர்கள்.

நிறுவல் சரியாக அமைந்ததா என்றறிய, கட்டளைச் சாளரத்தில் [2 1; 1 3] \ [3; 5] என்று தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். 0.8000, 1.4000 என்ற இரு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றினால், 2x + y = 3, x + 3y = 5 என்ற ஒருங்கமைச் சமன்பாடுகளின் தீர்வு சரியாகக் கிடைத்துவிட்டது என்று பொருள்.

பலரும் இடறுவது கூடுதல் தொகுப்புகளில்தான். சமிக்ஞைச் செயலாக்கம் போன்ற தொகுப்புகளை ஒருமுறை நிறுவினால் மட்டும் போதாது. ஆக்டேவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றை ஏற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும், அல்லது அக்கட்டளையை, ஆக்டேவைத் திறக்கும்போதே தானாக இயங்கும் தொடக்கக் கோப்பிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.